பொதுப் பெட்டியில் வெட்டுப்பட்ட ஒயர்

காலை ஏழு மணி. லேசான மழை. தெருமுனை இரும்புப் பெட்டியைப் பெரிய இன்டர்நெட் கம்பெனியின் லைன்மேன் சாவி போட்டுத் திறந்தபோது, உள்ளே ஒரு ஒயர் இரண்டாக வெட்டுப்பட்டுக் கிடந்தது. இரண்டு நுனியிலும் கறுப்பு டேப் இறுக்கமாகச் சுற்றியிருந்தது.

அது, ஊரில் சொந்தமாக இணைப்பு கொடுக்கும் 'இன்டர்நெட் அக்கா'வின் ஒயர். ஊர் முழுக்க ஒயர் போகும் குழாயும் பெட்டியும் அந்தப் பெரிய கம்பெனியுடையவை. அவற்றின் வழியே மற்றவர்களும் ஒயர் இழுக்கலாம் என்று கோர்ட் சொன்ன பிறகு, துணிந்து இறங்கியவள் இவள் ஒருத்திதான். அதுவும் சோதனை அனுமதி. ஒரு பகல் முழுக்க இணைப்பு நின்றால் ரத்து. பிறகு ஊருக்கு ஒரே கம்பெனி, அது வைத்ததே விலை.

அக்கா கூப்பிட்டு வந்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் அம்மா பூட்டைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

"சாவி யார்கிட்ட?"

"எங்ககிட்ட ஒண்ணு, அவங்ககிட்ட ஒண்ணு," என்றார் லைன்மேன். "ஒரே அடுப்படியில ரெண்டு மருமக மாதிரி மேடம். எது உடைஞ்சாலும் பழி என் தலையில."

"லாபம் உங்க கம்பெனிக்குத்தானே?"

"கம்பெனிக்கு. எனக்கு மழையில நிக்கிறதுதான் மிச்சம்."

அக்காவின் தம்பி முன்னால் வந்தான். ஒயர் இழுப்பது, ஒட்டுவது எல்லாம் அவன்தான். "இன்னும் என்ன விசாரணை மேடம்? இவங்களை விட்டா வேற யாரு?"

"நீங்க கடைசியா இதை எப்போ திறந்தீங்க?"

"போன வாரம்."

இணைப்பு போனவர்கள் கூப்பிட, அக்காவின் கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.

பெட்டியின் ஓரத்தில் கம்பெனி கழித்துவிட்ட பழைய ஒயர்கள் மொட்டை நுனியோடு தொங்கின. இன்ஸ்பெக்டர் அவற்றைத் தொட்டுக் காட்டினார்.

"இதுக்கெல்லாம் டேப் சுத்தலையே?"

"வேண்டாம்னு வெட்டினதுக்கு யாரு சுத்துவா?" என்றார் லைன்மேன். "திரும்ப ஒட்டப் போறதுக்குத்தான் சுத்துவோம். இல்லேன்னா ஈரம் ஏறிடும்."

"அதேதான். ஒழிச்சுக்கட்ட வந்தவன் அப்படியே விட்டுட்டுப் போயிருப்பான். இவன் வெட்டிட்டு, ஒயர் கெட்டுடக் கூடாதுன்னு பார்த்திருக்கான். தன் கையால இழுத்தவனுக்குத்தான் அந்தக் கவலை வரும்." அவர் தம்பியின் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க. ஏன் சுத்தினீங்க?"

தம்பி அந்தக் கறுப்பு டேப்பைத் தொட்டுப் பார்த்தான்.

"மழை பெய்ஞ்சுது மேடம். கை தானா சுத்திடுச்சு."

அக்காவின் பக்கம் திரும்பி, "நம்மால அவங்களோட மல்லுக்கட்ட முடியாதுக்கா. இதை வெட்டினா கம்பெனியில வேலை தரேன்னாங்க," என்றான்.

அக்கா வண்டியிலிருந்து ஒயர் ஒட்டும் மெஷினை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"ஒட்டு."

"புகார் குடுக்கிறீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"குடுக்கிறேன். ஒட்டி முடிக்கட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போங்க."

தம்பி குனிந்து டேப்பைப் பிரித்தான். மழை வலுத்தது. அக்கா குடையை விரித்து மெஷினுக்கு மேலே பிடித்தாள். பிறகு, அவன் தலையும் நனையாதபடி சற்றே நகர்த்திப் பிடித்தாள்.