வாய்த்துணியில் படிந்த சிவப்பு

வாருங்கள் வாசகப் பெருமக்களே! கண்களை மூடிக்கொள்ளாமல் இந்த அநீதியைப் பாருங்கள்!

மேற்கு மலையின் தோளில் மாலைக் கதிரவன் சாய, உருக்கிய பொன்னென நீலவேணி ஆறு வளைந்தோடுகிறது. இரு கரையிலும் கொடிமுந்திரி என்னும் திராட்சைப் பந்தல்கள். பச்சை மணிகளாய்த் தொங்குவது பளிங்கு என்னும் வகை. மையாய்க் கறுத்துத் தொங்குவது கருமணி. பழம் பறிக்கும் பெண்களின் வாய்களையும் பாருங்கள்! ஒவ்வொன்றும் வெள்ளைத் துணியால் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. கொடும்பை அரண்மனையின் தேறலுக்கு, அதாவது மதுவுக்கு, உரிய பழத்தை, நட்டவள் சுவைக்கலாகாதாம். சுவைத்தவளுக்கு வலக்கை போய்விடுமாம்!

இதோ, வெண்ணி என்னும் பெண் மண்டியிட்டிருக்கிறாள். கொடும்பையை ஆளும் அரையரின் மருமகன் சாத்தமல்லன் சிவப்பேறிய துணியொன்றை உயர்த்திக் காட்டுகிறான்.

"மாமா! இவள் வாயிலிருந்து நானே பிடுங்கிய துணி இது. கருமணியைத் தின்ற கறையைப் பாருங்கள்!"

மூன்று நாட்களுக்கு முன் இவளைத் தன் மாளிகைக்கு அழைத்து, "உமது தேரில் ஏறுவதைவிட இந்த ஆற்றில் மூழ்குவேன்" என்ற விடையோடு திரும்பியவன் அவன். அரையர் அதை அறியார், நாம் அறிவோம்.

"இளம்பூதா, வாளை உருவு!" என்றார் அரையர்.

காவல்தலைவன் இளம்பூதனின் கை வாளின் பிடியோடு நின்றது. வெள்ள நாளில் அவள் கரம் பற்றி ஆற்றைக் கடத்திய கை அது. அன்றுமுதல் அவளையே எண்ணியிருந்த நெஞ்சு அது.

"வெட்டுமுன் ஒன்று செய்யுங்கள், தலைவரே. உமது வெண்பட்டு மேலாடையில் கருமணிக் குலையொன்றைப் பிழியுங்கள்" என்றாள் வெண்ணி.

இளம்பூதன் பிழிந்தான். பட்டு நனைந்தது, சிவக்கவில்லை!

"தோல்தான் கறுப்பு, அரையரே, சாறு வெளுப்பு. தோலோடு நாட்கணக்கில் ஊறினாலன்றிக் கருமணி சிவப்புத் தராது. பழம் மிதிக்கும் தொட்டியில் நின்ற எவளும் இதை அறிவாள். சதைவரை சிவந்த பழம் குருதிக்கொடி ஒன்றே. அது காய்ப்பது உமது உள்தோட்டத்தில். அதன் திறவுகோல் எவர் இடுப்பில் தொங்குகிறது?"

கூட்டத்தில் ஒருத்தி தன் வாய்த்துணியை இழுத்துவிட்டுக் கூவினாள்: "தின்றே பழகிய கைக்குப் பிழிவதைப்பற்றி என்னடி தெரியும்!"

சிரிப்பு பந்தல்தோறும் பரவியது.

"கையை விரி, மல்லா!" என்றார் அரையர்.

விரித்தான். நகக்கண்வரை சிவப்பு!

அரையர் சினந்தாரா? இல்லை! புன்னகைத்தார். "இளமை விளையாட்டு எல்லை மீறிவிட்டது. பெண்ணே, உன் கையை உனக்கே தந்தோம். துணியைக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்."

"என் கையை எனக்குத் தருவதற்கு நீர் யார்?" என்று எழுந்தாள் வெண்ணி. கறைத்துணியைப் பறித்து ஆற்றில் எறிந்தாள். "நீலவேணியின்மேல் ஆணை! கட்டிய வாய் ஒன்றேனும் இக்கரையில் இருக்கும்வரை ஒரு குலையும் பறியேன்!"

இளம்பூதன் வாளை அரையரின் காலடியில் வைத்தான். ஈரமான பட்டு மேலாடையை அவள் தோளில் போர்த்தி, "அவள் ஆணையே என் ஆணை" என்று அருகில் நின்றான்.

அடுத்த கணம் ஆறெங்கும் வெள்ளைத் துணிகள் மிதந்தன!

கைதட்டிவிட்டுக் கலைந்துவிடாதீர்கள், வாசகர்களே! விளைவித்தவரின் வாயை அடைக்கும் துணி உங்கள் ஊரில் இல்லையா? உங்கள் வீட்டிலேயே இல்லையா? தேடுங்கள். முடிச்சில் கை வையுங்கள். இன்றே அவிழ்த்தெறியுங்கள்!