நேர்மொழியில் சும்மா கிடையாது

காலையில் எழுந்ததும் சென்னியப்பன் செய்யும் முதல் வேலை, முந்தின நாள் தான் பேசியதில் எதெல்லாம் இன்னும் பொய்யாகக் கிடக்கிறது என்று பார்ப்பதுதான். விடுதி அறைச் சுவரில் பட்டியல் வந்து நிற்கும். 'ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்றாய். பதினேழாவது நிமிடத்தில் வந்தாய்.' 'பசியே இல்லை என்றாய். இரண்டு தட்டு சாப்பிட்டாய்.' ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லி முடித்தால்தான் அறைக் கதவு திறக்கும். பல் தேய்ப்பதெல்லாம் அதற்கப்புறம்.

செவ்வாய்க் கிரகத்தின் வெர்டா குடியிருப்பில் இது எல்லோருக்கும் பொதுவான நடைமுறை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அறுபது வருடங்களுக்கு முன்னால், வடக்கு வாசலைச் சாத்தியாயிற்றா என்று கேட்டதற்கு ஒரு காவலாளி, எழுந்து போய்ப் பார்க்கச் சோம்பல்பட்டு, ஆச்சு என்று சொல்லிவிட்டான். நாற்பத்தொரு பேர் மூச்சுமுட்டிச் செத்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்கென்று நேர்மொழி என்ற ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள். அதில் எந்த வினைச்சொல்லும் தனியாக நிற்காது. செய்வது உறுதியா, வெறும் ஆசையா, சந்தேகமா என்று ஒரு முத்திரையைச் சேர்த்துத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

பூமியிலிருந்து படிக்க வருகிறவர்களுக்குப் புறப்படும் தளத்திலேயே காதுக்குப் பின்னால் ஒரு பெயர்ப்பியை வைத்துத் தைத்துவிடுவார்கள். தாய்மொழியில் பேசினால் அது நேர்மொழியாக்கி வெளியே விடும். கூடவே எல்லாவற்றையும் பதிவு செய்துகொள்ளும். காற்றுப் பொறியியல் படிக்க வந்த சென்னியப்பன் கோபிசெட்டிபாளையத்துக்காரன். ஊரில் வாயாடி என்று பெயரெடுத்தவன். அப்படிப்பட்டவனுக்கு இப்படி ஓர் ஊர் வாய்த்தது.

வந்த முதல் மாதமே மாட்டிக்கொண்டான். நாளைக்குள் அறிக்கையை முடித்துவிடுவாயா என்று பேராசிரியர் கேட்டார். முடியாது என்று பெரியவர்களிடம் முகத்துக்கு நேரே சொல்லும் வழக்கம் நமக்கு ஏது? "பாக்கலாங்க" என்றான். மறுநாள் அவர் வெற்று அறிக்கையை அவன் முன்னால் வைத்து, பார், என்றார். உடன் படிக்கும் யூனா என்ற பெண்ணிடம், எங்க ஊருக்கு ஒரு தடவை வாங்க என்று மரியாதைக்குச் சொல்லிவைத்தான். எந்தத் தேதியில் என்று அவள் நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பெயர்ப்பியை நம்பினால் பிழைப்பு நடக்காது என்று நேர்மொழியைத் தானே கற்றுக்கொள்ள உட்கார்ந்தான். எல்லாம் வந்தது, ஒரு சொல்லைத் தவிர. சும்மா என்பதற்கு அந்த மொழியில் சொல்லே இல்லை. சும்மா வந்தேன், சும்மா இருக்கிறேன், சும்மா சொன்னேன் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துப் பார்த்தான். ஒன்றும் இல்லையென்றால் எதற்காகச் சொல்கிறீர்கள் என்று மொழி ஆசிரியை உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டாள். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசுவதை விட்டுவிட்டான். நல்ல ஒழுக்கமான பையன் என்று பெயர் கிடைத்தது. பேச ஆள்தான் இல்லாமல் போயிற்று.

இவ்வளவு அவதிப்பட்டவன் படிப்பு முடிந்ததும் ஊருக்கு ஓடியிருப்பான் என்று நினைப்பீர்கள். இல்லை, அங்கேயே தங்கிவிட நிலைக்குடி உரிமைக்கு விண்ணப்பம் போட்டான். காற்றைக் கட்டிக் காக்கும் படிப்புக்குக் கோபியில் என்ன வேலை இருக்கிறது? நான்கு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்ததே இதற்காகத்தான். இது கிடைக்காவிட்டால் அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. காரணம் ஒரே வரி. புறப்படும் தளத்தில் அவன் தன் அம்மாவிடம், "போயிட்டு வர்றேம்மா" என்று சொன்னது பெயர்ப்பியில் பதிவாகியிருந்தது. திரும்பி வருவதாக வாக்கு நிலுவையில் இருப்பவருக்கு நிலைக்குடி உரிமை கிடையாது.

குடியுரிமைக் குழுவின் முன்னால் போய் நின்றான். எங்கள் ஊரில் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்லமாட்டார்கள், அது நல்லதில்லை, அதனால் வருகிறேன் என்பார்கள் என்று விளக்கினான். குழுத் தலைவி பொறுமையாகக் கேட்டாள்.

"உண்மையிலேயே திரும்பி வரப்போகிறவர் என்ன சொல்லிவிட்டுப் போவார்?"

"இதையேதானுங்க."

"வரப்போவதே இல்லாதவர்?"

"அவரும் இதையேதான்."

"அப்படியானால் கேட்டுக்கொண்டு நிற்பவருக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்?"

எனக்கும் தெரியாதுங்க என்றான் சென்னியப்பன். சொன்னவனுக்குத் தெரியாவிட்டால் கேட்டவரையே கேட்போம் என்று குழு முடிவு செய்தது.

மகனின் உரிமை பற்றிய விசாரணை என்று மட்டும் சொல்லி, அம்மா பாவாத்தாளைக் கோபியிலிருந்து இணைப்பில் கொண்டுவந்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்க முடியவில்லை. கடிதத்தையும் வெர்டாவில் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். உங்கள் மகன் அன்று அப்படிச் சொன்னபோது அவன் திரும்பி வருவான் என்று நம்பினீர்களா? கேள்வி பூமிக்குப் போய்ச்சேரப் பதினோரு நிமிடம், பதில் வர இன்னொரு பதினோரு நிமிடம். அந்த நேரம் முழுவதும், அம்மா இல்லையென்று சொல்லிவிட வேண்டுமே என்று அவன் வேண்டிக்கொண்டிருந்தான். பெற்ற பிள்ளை வேண்டிக்கொள்கிற காரியமா இது என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. இருந்தும் வேண்டிக்கொண்டான்.

பாவாத்தாளின் குரல் வந்தது.

"நம்புலீங்க. எம் பெரிய பையனும் இதையே சொல்லிப்போட்டுத்தான் கனடா போனான். எங்கூர்ல போறவங்க அத்தனை பேரும் அதைத்தான் சொல்றாங்க, நாங்களும் தலையை ஆட்டிக்கறோம். அது சும்மா சொல்றதுங்க."

பெயர்ப்பி அந்தச் சொல்லில் வழக்கம்போல முட்டிக்கொண்டு நின்றது. சொல்லகராதி அலுவலர் முன்னால் வந்து, இத்தனை வருடமாகப் புரியாதிருந்ததற்கு இப்போது சாட்சி கிடைத்துவிட்டது என்று பதிவு செய்தார். 'சும்மா: சொல்லப்படும், பொருள் கிடையாது.' நிலைக்குடி உரிமை வழங்கப்பட்டது. குழுவினர் எழுந்து வந்து கைகுலுக்கினார்கள். சென்னியப்பனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

இணைப்பை யாரும் துண்டிக்கவில்லை. பதினோரு நிமிடத்துக்கு முன்னால் பேசி முடித்தவள் கொஞ்சம் பொறுத்து இன்னும் ஏதோ கேட்டிருந்தாள். அது இப்போது வந்து சேர்ந்தது.

"நாஞ் சொன்னது செரிதானே சாமி? இனி உனக்குக் கெடைச்சிருமில்ல?"

தலைவி நிமிர்ந்து பார்த்தாள். உங்கள் தாய் எதற்காக இப்படிக் கேட்கிறார் என்றாள். அறையில் எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள். அம்மா தனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொன்னால் கையில் இருப்பது போய்விடும்.

"சும்மா கேக்கறாங்க" என்றான்.

இந்தத் தடவை பெயர்ப்பி தடுமாறவில்லை. பொருள் கிடையாது என்று தலைவி குறித்துக்கொண்டாள்.

பிறகு எழுத்தர் பதிவேட்டில் செய்யப்பட்ட திருத்தங்களை வாசித்துக் காட்டினார். மகன் சொன்ன 'போயிட்டு வர்றேன்' என்பது 'போகிறேன்' என்று மாற்றப்பட்டது. அதே சொல்லைக் கொண்டு தாய் அளித்த மறுமொழிக்கும் அதே விதிதான். அவள் அன்று தளத்தில் 'நல்லபடியாப் போயிட்டு வா சாமி' என்று சொல்லியிருந்தாள். அது இனிமேல் 'போ' என்றுதான் இருக்கும். ஆட்சேபம் உண்டா என்று எழுத்தர் கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டு, எழுத்தர் காட்டிய இடத்தில் சென்னியப்பன் கையெழுத்துப் போட்டான்.