வாசலில் கிடந்த செருப்புகள்

நூலகத்தைப் பூட்ட வந்தபோது வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. உள்ளே யாரும் இல்லை.

ரமாபாய் திரும்பப் போய்ப் பார்த்தாள். அலமாரிகளுக்கு நடுவில், கழிப்பறையில், செய்தித்தாள் மேசைக்கு அடியில்கூட. திருவொற்றியூர்க் கடலோரத்துக் கிளை நூலகம் அது, ஒரே கூடம்தான். கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் சன்னல் கண்ணாடி நடுங்கி அடங்கும், எண்ணூர்ப் பக்கத்துப் புகைநெடி பழைய தாளின் வாசனையோடு சேர்ந்து மூக்கிலேயே தங்கிவிடும், அன்றைக்கு அவற்றுக்கும் அடியில் ஈர வலையின் கவிச்சி இருந்தது.

செருப்பு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மழை பெய்து பல நாளாயிற்று. அறுந்த வாரை நீல வலைக்கயிற்றால் முடிந்திருந்தார்கள்.

வாசகர் வராத கிளைகளை மூடப்போவதாகப் பேச்சு. மேலதிகாரி அசோகன் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். வியாசர்பாடியில் ரமாபாயின் வீட்டில், கணவன் போன பிறகு, அவள் குரல்கூடக் கேட்பதில்லை. இங்கேதான் எவராவது பேப்பர் கேட்பார்கள், மின்விசிறியைப் போடச் சொல்வார்கள். இந்தக் கூடமும் போனால் அதுவும் இல்லை.

அதனால்தான் கடல் கொண்டுபோன தெருவின் பழைய படங்களை அலைந்து திரிந்து வாங்கிச் சுவரில் ஒட்டியிருந்தாள். வாசலில் பலகையும் வைத்திருந்தாள். 'கடலோரத் தெரு மக்களே, உங்கள் படங்கள் உள்ளே. வந்து பாருங்கள்.'

யாரும் வரவில்லை. எதிரே இட்லிக் கடை போட்டிருந்த சிலுவையம்மாள் மட்டும் தன் அப்பாவின் படத்தைத் தந்திருந்தாள். தெரு போன ராத்திரியில் அவரும் போயிருந்தார்.

மறுநாள் மாலை செருப்புகள் படிவரைக்கும் கிடந்தன.

"இன்னாக்கா, புக்கு ஓடலன்னு செருப்புக் கடை வெச்சிகினியா?"

யார் வந்தார்கள் என்று ரமாபாய் கேட்டாள். காலையிலிருந்து ஒரு ஈ காக்காய்கூட உள்ளே போகவில்லை என்று சொல்லிக்கொண்டே சிலுவையம்மாள் சாலையைத் தாண்டி வந்தாள். குனிந்தாள். நீலக்கயிற்றைத் தொட்டாள். சிரிப்பு நின்றது.

"இது எங்க நைனா போட்ட முடிச்சிக்கா."

விரலை முந்தானையில் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

"அந்தப் பலகைய எடுத்துடு."

அன்றைக்கே கடையை மூடிவிட்டுக் கொருக்குப்பேட்டையில் இருக்கும் மகளிடம் போய்விட்டாள்.

ரமாபாய் பலகையை எடுத்து அலமாரிக்குப் பின்னால் வைத்தாள். மறுநாள் மதியம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கரன்ட் போயிற்று. அசோகன் வருகிறாரா என்று வாசலுக்கு வந்து நின்றாள். படியெல்லாம் செருப்பு. ரப்பர் செருப்பு, தேய்ந்த தோல் செருப்பு, உள்ளங்கை அளவே உள்ள குழந்தைச் செருப்பு. எல்லாவற்றிலும் தண்ணீர். எல்லாமே உள்ளே பார்த்தபடி.

அசோகன் வண்டியை விட்டு இறங்கினார். படியருகே வந்ததும் முகம் மலர்ந்தது.

"நல்ல கூட்டம் இருக்கே மேடம். இதையா மூடச் சொன்னாங்க?"

"சார், ஒரு தடவை உள்ள வந்து பாருங்க."

படிக்கிறவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றார் அவர். இந்தக் கிளையை இனி யாரும் தொட மாட்டார்கள், அதற்குத் தான் பொறுப்பு என்றார். அவள் அவர் சட்டைக் கையைப் பிடிக்கப் போனாள். பிடிக்கவில்லை. வண்டி போய்விட்டது.

அவள் முதுகுக்குப் பின்னால் தாள் புரளும் ஓசை. ஒன்றல்ல.

திரும்பினாள்.

சுவரில் படங்கள். தெரு இருந்தது. வீடுகள் இருந்தன. அவற்றில் நின்றிருந்த ஆட்கள் மட்டும் இல்லை.

மேசையைச் சுற்றி நாற்காலிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு செய்தித்தாள் விரிந்து நின்றது. முகம் மறைகிற உயரத்தில். இரண்டு ஓரங்களிலும் கட்டைவிரல் அகலத்துக்கு ஈரம்.

ஈரம் பரவியது.

அவளுக்குக் கிட்டத்தில் இருந்த தாள் மட்டும், மெல்ல, கீழே இறங்கியது.