அடிக்காத விசில்

மலைச்சாலை தொடங்குகிற இடத்தில் ஒரு டீக்கடை. அதற்கு மேல் முப்பத்தாறு வளைவுகள். டிரைவர் காரை ஓரங்கட்டி, இறங்கி, சோம்பல் முறித்து ஒரு டீ சொன்னார். கடைக்காரர் இரண்டு கிளாஸ்களைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார்.

"ஒண்ணுதான் சொன்னேன்."

"பின்னாடி அம்மா உக்காந்திருக்காங்கல்ல, அவங்களுக்கு," என்றார் கடைக்காரர், துண்டில் கையைத் துடைத்தபடி. "இறங்க முடியலேன்னா நீங்களே கொண்டு போய்க் குடுங்க. ஆறிடும்."

டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. அதைப் பார்ப்பதற்கென்றே ஒருத்தி இருந்தாள். போன வருடம் இதே மாதம், இதே மலையில், இருபத்தொன்பதாவது வளைவில் செத்துப்போனாள்.

அவள் அவருடைய மனைவி. அவருடைய பஸ்ஸுக்குக் கண்டக்டர். ஒரே வண்டியில் இருபத்தாறு வருடம். "பகல்ல பஸ்ஸுக்குக் கண்டக்டர், வீட்டுக்குப் போனா செக்கிங் இன்ஸ்பெக்டர்" என்று டிப்போவில் கேலி பேசுவார்கள். வீட்டிலும் அவள் அவரை "டிரைவரே" என்றுதான் கூப்பிடுவாள். அவர் அவளைக் "கண்டக்டரம்மா" என்பார். ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு என்றால் போ. இதற்கு நடுவில் அவர்களுக்குள் பெரிதாகப் பேச்சு தேவைப்பட்டதில்லை. அவர் பக்கவாட்டுக் கண்ணாடியைத் தலை சீவ மட்டும்தான் பயன்படுத்தினார் என்று சொல்வார்கள். அதில் பொய்யும் இல்லை. இரண்டு விசில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார், வந்த வழியிலேயே ரிவர்ஸ் என்றாலும் சரி.

ஓய்வு பெற்றதும் ஒரு பழைய கார் வாங்கினார்கள். முதல் நாளே அவள் பின்கதவைத் திறந்து இடது ஓரம் உட்கார்ந்தாள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில்.

"முன்னாடி வாயேன். பாக்கறவன் என்னை வாடகைக்கார் ஓட்டறவன்னு நினைக்கப்போறான்."

"நினைச்சா நினைச்சிட்டுப் போறான். நான் முன்னாடி வந்துட்டா பின்னாடி யாரு பாக்கறது?"

அந்தக் காரில்தான் போன வருடம் இருவரும் கிளம்பினார்கள். மலை ஊர்களையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவதாகத் திட்டம். நேரப்பட்டியல் இல்லாமல் ஓட்டுகிற முதல் பயணம். ஆசை ஆசையாய்த்தான் கிளம்பினார்கள்.

டிரைவர் ஒரு டீயைக் குடித்தார். இன்னொன்றைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு வந்து காரில் ஏறினார். அப்போது வண்டியின் பின்பக்கம், இடது ஓரம், ஒரு ஆள் நகர்ந்து உட்கார்ந்தால் எப்படித் தணியுமோ அப்படித் தணிந்தது.

கூடவே தைலவாசனை.

நாளெல்லாம் நின்று நின்று மூட்டு தேய்ந்தவள் அவள். அந்தத் தைலம் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டாள்.

"வந்துட்டியா?" என்றார் மெதுவாக. பயமாக இருந்தது. ஆனாலும் அந்தப் பயத்துக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை நினைத்தால் அவருக்கே வெட்கமாக இருந்தது.

மேலே போகப்போக மூடுபனி இறங்கிவந்தது. மதியம் இரண்டு மணிக்கே விளக்கைப் போட வேண்டியிருந்தது. இருபத்தேழு. இருபத்தெட்டு. இருபத்தொன்பதாவது வளைவில் நிறுத்தி அந்த இடத்தைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தார். கால் பிரேக்குக்குப் போகவே இல்லை. பார்வையை ரோட்டிலேயே வைத்துக்கொண்டு அதைத் தாண்டிப் போய்விட்டார்.

பின்சீட்டில் யாரோ மூச்சை இழுத்த மாதிரி இருந்தது. இழுத்த மூச்சு வெளியே வரவில்லை.

மலையூர் விடுதி பழைய கட்டடம். ஓட்டுக்கூரை, கண்ணாடி ஜன்னல்கள், நடந்தால் முனகுகிற மரத்தரை. விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் சாவியோடு இரண்டு துவாலைகளைக் கொடுத்தாள்.

"நான் ஒருத்தன்தாம்மா."

அவள் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "சரிங்க," என்றாள், துவாலையைத் திரும்ப வாங்காமலே. "சாப்பாட்டு ஹால்ல உக்காருங்க. காபி போட்டுக் கொண்டாரேன். பனி வந்தா கரண்ட்டும் போயிரும். பயந்துராதீங்க."

சாப்பாட்டு ஹால் நீளமாக, குறுகலாக இருந்தது. நடுவில் வழி விட்டு, இரண்டு பக்கமும் வரிசையாக நாற்காலிகள். டிரைவர் முன்வரிசையில், ஜன்னல் ஓரமாக, வலப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்த பிறகுதான் அந்த ஹால் எதைப்போல இருக்கிறது என்று உறைத்தது. எழுந்து இடம் மாறலாம் என்று நினைத்தபோது கரண்ட் போயிற்று.

ஜன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை. உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல். எங்கோ ஒரு குழாய் சொட்டுகிற சத்தம்.

அப்போதுதான் ஹாலின் மறுகோடியில் அது கேட்டது.

டொக். டொக்.

மரத்தில் விரல்முட்டி படுகிற சத்தம்.

டொக். டொக்.

டிரைவருக்கு அது என்னவென்று தெரியும். ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் கண்டக்டரம்மா செய்கிற வேலை அது. கடைசி சீட்டில் ஆரம்பித்து, ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் இரண்டு தட்டுத் தட்டி, குனிந்து பார்த்துக்கொண்டே முன்னால் வருவாள். குடை கிடைக்கும். சாப்பாட்டு டப்பா கிடைக்கும். ஒருமுறை ஒரு பல்செட் கிடைத்து, டிப்போ முழுக்க ஒரு வாரம் அதைப் பற்றியே பேசிச் சிரித்தார்கள். யாரும் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை என்று உறுதியாகத் தெரியாமல் அவள் வண்டியை விட்டு இறங்க மாட்டாள்.

டொக். டொக்.

நடுவரிசை தாண்டியாயிற்று.

நடக்கிற சத்தம் இல்லை. தரை முனகவில்லை. தட்டுகிற சத்தம் மட்டும்தான் வந்தது, நாற்காலி நாற்காலியாக.

டொக். டொக்.

மூன்றாவது வரிசை.

டொக். டொக்.

அவருக்கு நேர் பின்னால்.

தைலவாசனை. அதோடு ஈரமண் வாசனையும் வந்தது. அந்த மண் எதுவென்று அவருக்குத் தெரியும். போன வருடம் மூன்றாவது ஊரில் அவள் ஒரு ரோஜாச் செடி வாங்கினாள், தகரடப்பாவில். வளைவில் டப்பா சாய்ந்து சீட்டெல்லாம் மண். புது சீட் கவர். அவர் கத்தினார். "ஊர் சேறெல்லாம் ஏறி இறங்கின வண்டியை ஓட்டினவருக்கு இன்னிக்கு ஒரு பிடி மண்ணு பெரிசாப் போச்சாக்கும்" என்றாள் அவள். அதோடு பேச்சு நின்றது. இரண்டு மணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இருபத்தொன்பதாவது வளைவில் பனி அதிகமாகி, திரும்பிப் போய்விடலாம் என்று வண்டியை ஓரங்கட்டினார். ரிவர்ஸ் எடுக்க வேண்டும். அவள் ஒன்றும் பேசாமல் இறங்கி, எப்போதும் போலப் பின்னால் போய் நின்றாள். கோபம் இருந்தாலும் டியூட்டி டியூட்டிதான் அவளுக்கு.

விசில் வரவில்லை. அவர் காத்திருக்கவும் இல்லை. உன் விசில் இல்லாமல் எனக்கு ஓட்டத் தெரியாதா என்ற வீம்பு.

வண்டி பின்னால் போனது. சீட்டைத் தட்டுகிற அளவுக்கு ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். தடுப்பில்லாத விளிம்பில் பனி அப்படியே நின்றுகொண்டிருந்தது.

"அவங்க விசில் குடுத்தாங்களா?" என்று போலீஸ் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"குடுத்தா. ரெண்டு."

அந்த ஒரு பொய்யை அவர்கள் எழுதிக்கொண்டார்கள். 'பின்னால் நின்று வழிகாட்டியவரின் கவனக்குறைவு.' இருபத்தாறு வருடத்தில் ஒரு மெமோகூட வாங்காதவள். செத்த பிறகு ஒன்று வாங்கினாள், அதுவும் கட்டிய புருஷன் கையால். மகள் அதை அப்படியே நம்பினாள். "அம்மாவுக்கு எதுலயும் பதட்டம். விளிம்புல நின்னுக்கிட்டு விசில் அடிச்சிருக்காங்க பாருங்க, உங்களைப் பத்தி யோசிச்சாங்களா?" என்று செத்தவளிடம் கோபித்துக்கொண்டு, படத்தைக்கூட சுவரில் மாட்டவில்லை. அவர் வாயைத் திறக்கவில்லை. மகளும் போய்விட்டால் தனக்கென்று யார் இருக்கிறார்கள் என்ற பயம்.

தட்டுகிற சத்தம் அவர் நாற்காலியின் முதுகுக்கு வந்தது.

டொக்.

இரண்டாவது தட்டு வரவில்லை.

"கண்டக்டரம்மா," என்றார். "விட்டுட்டுப் போனது வேற எதுவும் இல்ல. நான்தான்."

பிடரியில் குளிர்.

உதட்டில் விசிலைக் கவ்வுகிற சின்ன சத்தம். பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கிற சத்தம்.

இழுத்த மூச்சு நின்றது.

அவர் காத்திருந்தார். விசில் வரவில்லை. இப்போதுதான் அவருக்கு விளங்கியது. அன்றைக்கும் அவள் மூச்சை இழுத்திருக்கிறாள். ஒரு விசிலோ இரண்டோ, அடிப்பதற்காக இழுத்த மூச்சு. அது வெளியே வருவதற்குள் அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டார். ஒரு வருடமாக அந்த மூச்சை அவள் விடவே இல்லை.

போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"அப்பா? எங்க இருக்கீங்க? வீட்டு போனை எடுக்கவே இல்லை நீங்க."

"அம்மா விசில் அடிக்கலம்மா."

"என்னப்பா சொல்றீங்க?"

"அன்னைக்கு. அவ அடிக்கல. நான்தான் கோவத்துல வண்டியை எடுத்துட்டேன். போலீஸ்ல பொய் சொன்னேன். உங்கிட்டயும் பொய் சொன்னேன். உங்கம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

"ஒரு வருஷமாப்பா," என்றாள் மகள். அழுகை இல்லை, அதைவிட மோசமாக இருந்தது குரல். "ஒரு வருஷமா நான் அம்மாவைத் திட்டிக்கிட்டு இருக்கேன்."

லைன் துண்டிக்கப்பட்டது.

அவருக்குப் பின்னால் அந்த மூச்சு மெதுவாக வெளியே வந்தது. விசில் சத்தம் இல்லை. மூட்டுவலியோடு வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்காருகிறவள் விடுகிற மூச்சு.

கரண்ட் வந்தது. விடுதிக்காரம்மாள் காபியோடு வந்து, அழுதுகொண்டிருந்த பெரியவரின் முன்னால் தம்ளரை வைத்தாள். பிறகு குனிந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் தரையைப் பார்த்து, "இங்க யாரு மண்ணைக் கொட்டினது?" என்று முணுமுணுத்தாள்.

மறுநாள் காலை டிரைவர் போலீஸ் நிலையத்தில் எல்லாவற்றையும் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். அங்கிருந்த ஏட்டு அதை இரண்டு முறை படித்தார்.

"முடிஞ்சுபோன விஷயம் பெரியவரே. இது உங்க தலையிலதான் விடியும்."

"அதுக்குத்தான் வந்தேன். அந்த வரியை அடிச்சிடுங்க. அவ ஒரு மெமோ வாங்கினதில்ல."

ஏட்டு முகவரி வாங்கிக்கொண்டு, மேலதிகாரி கூப்பிட்டு அனுப்புவார் என்றார். டிரைவர் வெளியே வந்து காரில் ஏறி, சாவியைத் திருப்பிவிட்டுக் காத்திருந்தார். வண்டி தணியவில்லை. தைலவாசனை இல்லை. ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தலை சீவ அல்லாமல், முதல்முறையாகப் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்து வண்டியை எடுத்தார். அதில் காலியான ரோடுதான் தெரிந்தது.

இருபத்தொன்பதாவது வளைவில் இந்த முறை நிறுத்தினார். பனி இல்லை. வெயிலில் பள்ளத்தாக்கு பச்சைப் பசேலென்று கிடந்தது. இதைப் பார்க்கத்தான் அவள் ஆசைப்பட்டாள். பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வா, வீட்டுக்குப் போலாம்," என்றார். கை வலிக்கும்வரை பிடித்திருந்தார். யாரும் ஏறவில்லை.

கீழே டீக்கடையில் இறங்கினார். கடைக்காரர் ஒரு கிளாஸைக் கொண்டுவந்து வைத்தார்.

டிரைவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுதானா?"

"தனியாத்தானே வந்திருக்கீங்க," என்றார் கடைக்காரர். "ஏன், நேத்து வந்த அம்மா மேலயே தங்கிட்டாங்களா?"

டீயைப் பாதியில் வைத்தார். போன் எடுத்துப் பார்த்தார். மகளிடமிருந்து எதுவும் இல்லை. காரில் ஏறி சாவியைத் திருப்பினார். போகிற இடத்தில் யாருமில்லை. விசிலும் இல்லை. பிரேக்கில் காலை வைத்தபடியே, வண்டியை எடுக்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்போது மேலே, வெகு மேலே, எத்தனையோ வளைவுகளுக்கு அப்பால், மெல்லிசாக ஒரு விசில் கேட்டது.

அடுத்து இன்னொன்று.

கடைக்காரர் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு மலையை அண்ணாந்து பார்த்தார். "காலை பஸ் இறங்கிப் போயாச்சே. அடுத்தது சாயங்காலம்தானே?" என்றார், தனக்குத்தானே.

டிரைவர் அசையவில்லை. மறுபடியும் இரண்டு விசில் வந்தது, இந்த முறை கொஞ்சம் அதட்டலாக. நிறுத்தத்தில் அவர் நேரம் கடத்தினால் அவள் அப்படித்தான் அடிப்பாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டார்.