சத்தம் சேர்ப்பவன்

முதலில் நின்றுபோனது குக்கர் விசில்தான். ஆவி புஸ்ஸென்று வராமல் சும்மா வந்துகொண்டிருந்தது, மேலே வைத்த வெயிட் குதித்துக் குதித்து ஆடியது, மூடியோரம் நுரை கட்டி வழிந்தது, அடிப்பிடித்த வாசனை கூடம் வரைக்கும் வந்து மூக்கை எரித்தது, ஆனால் விசிலை மட்டும் காணோம். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வெயிட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க, இதுல ஏதாவது அடைச்சிருக்கா பாருங்க. ஆவி நல்லாத்தான் வருது. சத்தமே வரல."

"தேஞ்சிருக்கும். வேற வாங்கிக்கலாம்," என்றான் அவன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போனில் அவன் பார்த்துக்கொண்டிருந்தது தன் கைவேலையைத்தான். செய்திச் சேனல் ஒன்றில் அவன் எடிட்டர். ஆபீசில் எல்லாரும் அவனை 'சவுண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கோ இரண்டு நாடுகளுக்குள் சண்டை. நாலு விசிறி வைத்த டிரோன்கள் ஆட்களைத் துரத்தித் துரத்திக் கொல்கின்றன, கொல்லும்போதே படமும் எடுக்கின்றன. படம் கண்ணாடி மாதிரி இருக்கும், சத்தம்தான் இருக்காது. ஒருவன் வயலில் ஓடுவான், விழுவான், மேலே பார்த்துக் கையெடுத்துக் கெஞ்சுவான், குபுக்கென்று புகை வரும், முடிந்தது. எல்லாம் ஊமைப்படம். நம் ஜனங்களுக்கு ஊமைச் சாவு ருசிக்காது. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு பார்க்கிறவர்களுக்கு அதில் கொஞ்சம் உப்பும் உறைப்பும் வேண்டாமா? அதைப் போட்டுக் கொடுப்பதுதான் சவுண்டின் உத்தியோகம்.

மற்ற சேனல்காரர்கள் இண்டர்நெட்டில் கிடைக்கிற அதே பத்து வெடிச்சத்தத்தை மாற்றி மாற்றிப் போடுவார்கள். இவனுக்கு அது கௌரவக் குறைச்சல். ஒரு சின்ன ரெக்கார்டரைக் கையில் வைத்துக்கொண்டு சத்தத்தையெல்லாம் வீட்டிலேயே பிடித்தான். குக்கர் விசிலை இழுத்து நீட்டினால் குண்டு இறங்கும் சத்தம். மிக்ஸியைக் காலியாக ஓடவிட்டுக் கொஞ்சம் நடுங்க வைத்தால் டிரோன். வாசல் இரும்புக் கதவை அடித்துச் சாத்தி அதைக் கனமாக்கினால் வெடி. கேட்டவர்கள் சொக்கிப்போனார்கள். கீழே கமெண்ட் போடுகிறவர்கள் எந்த நாடு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாமல் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகளை வரிசையாக வைத்தார்கள். 'செம பீஸ்.' 'மாட்னான்டா.' 'அடுத்தது எப்போ போடுவீங்க அட்மின்?'

முதல் தளத்தில் பேங்க் சார் என்று ஒருவர் இருந்தார். பேங்கில் அதிகாரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டில் கரப்பான் வந்தால் சம்சாரத்தைக் கூப்பிடுகிற மனுஷன், லிஃப்டில் ஏறிவிட்டால் தளபதி ஆகிவிடுவார். "நேத்து போட்டீங்களே அந்த லாரி, அது கொஞ்சம் சொதப்பல் தம்பி. ஆளுங்க சீக்கிரம் போயிட்டாங்க," என்று கிரிக்கெட் ஸ்கோர் பேசுகிற மாதிரி பேசுவார். சவுண்டும் பல்லைக் காட்டுவான். உள்ளுக்குள் அவரைத் துச்சமாகத்தான் நினைத்தான். தன்னை நினைத்துக்கொள்ள அவனுக்கு நேரம் இருந்ததில்லை.

போன வாரம் வந்த படம்தான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. பள்ளத்துக்குள் ஒரு சிப்பாய், அவன் முகத்துக்கு நேராக அந்தரத்தில் டிரோன் நிற்கிறது. வேண்டாம் வேண்டாம் என்று ஒரு கையை ஆட்டுகிறான், வாயைப் பிளந்து அலறுகிறான். அலறல் கேட்கவில்லை. சவுண்டு தானே அலறிப் பார்த்தான், ஆபீஸ் பையன்களை அலறவிட்டுப் பார்த்தான், எல்லாம் நாடகக் கத்தலாக இருந்தது. நிஜ பயம் வேண்டும். வீட்டுக்கு வந்தான். நாலு வயசு மகள் குளியலறைக்குள் தனக்குத்தானே பேசிக்கொண்டு கை கழுவிக்கொண்டிருந்தாள். லைட்டை அணைத்தான். கதவுக்குப் பின்னால் ரெக்கார்டரோடு பதுங்கி நின்று, அவள் தட்டுத்தடுமாறி வெளியே வந்ததும் மேலே பாய்ந்தான்.

அலறினாள். அப்படியொரு அலறல். பிறகு ஒரு சாக்லேட் கொடுத்துச் சமாதானப்படுத்திவிட்டு, அந்தக் குரலைச் சற்றே தடிமனாக்கிச் சிப்பாயின் வாயில் வைத்தான். கச்சிதமாகப் பொருந்தியது. இப்போது ஊரே அதைக் கேட்கிறது. அந்த அலறலை ரிங்டோனாக வைத்திருக்கிறார்களாம். மகள் மட்டும் அன்றிலிருந்து குளியலறைக்குத் தனியாகப் போவதில்லை.

குக்கருக்கு அடுத்தது மிக்ஸி. மனைவி பட்டனைத் திருகினாள், ஜாருக்குள் பிளேடு சுற்றியது, மாவாக அரைந்தது, மேடையில் வைத்த டம்ளர் நடுங்கி நகர்ந்தது. சத்தமே வரவில்லை. தன் காதுதான் அடைத்துவிட்டதென்று அவள் தலையைச் சாய்த்துத் தட்டிக்கொண்டாள். குழாய் சொட்டுவது கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ இருமுவது கேட்டது. மிக்ஸி மட்டும் கேட்கவில்லை.

அதற்கு மறுநாள், ஆபீசுக்குக் கிளம்பியவன் வாசல் இரும்புக் கதவை எப்போதும்போல இழுத்துச் சாத்தினான். கம்பி கம்பியோடு மோதியதை உள்ளங்கையில் உணர்ந்தான். சத்தம் வரவில்லை. திறந்து மறுபடி அடித்தான். ஓங்கி அடித்தான். பஞ்சில் குத்துவது போலக்கூட இல்லை.

விசில், மிக்ஸி, கதவு. அவன் பிடித்த வரிசை. அவன் படத்தில் சேர்த்த அதே வரிசை.

செருப்போடு உள்ளே ஓடினான். மகள் தரையில் உட்கார்ந்து பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டு, தானே கட்டிய ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். குரல் இருந்தது. முழுசாக இருந்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டு சேனல் தலைவருக்குப் போன் போட்டான்.

"சார், அந்தப் பள்ளத்து வீடியோ. அதை எடுத்துடுங்க சார்."

"ஏன்ப்பா, காப்பிரைட் பிரச்சினையா?"

"இல்ல சார். அந்தக் குரல்... அது என் பொண்ணு குரல் சார்."

தலைவர் சிரித்தார். "அடப்பாவி. அதான் அவ்ளோ ஒரிஜினலா இருக்கா? சவுண்டு, நீ ஆளே வேறப்பா. எடுக்கிறதா? நாம எடுத்தா மட்டும் போயிடுமா? எல்லார் போன்லயும் இருக்குது. நீ நாளைக்கு வா, புதுசா நாலு வந்திருக்கு."

போனை இறக்கினான். வீடு அமைதியாக இருந்தது. மகளைப் பார்த்தான். பொம்மையின் தலையை வாரிக்கொண்டு அவள் இன்னும் பாடிக்கொண்டுதான் இருந்தாள். உதடு அசைந்தது, தலை தாளத்துக்கு ஆடியது, ராகம் இழுக்கும் இடத்தில் கழுத்து நரம்பு புடைத்தது. குரல் இல்லை. அவளுக்கே அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். 'அப்பா' என்றது வாய்.

டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார், எதற்காவது பயந்தாளா என்று கேட்டார். இல்லை என்றான் சவுண்டு. மனைவி அவனையே பார்த்தாள். மூன்று பேரும் வாசலுக்கு வருவதற்குள் வரவேற்பில் இருந்த பெண்ணின் போன் அடித்தது. அலறல். மகள் இரண்டு கையாலும் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் அந்தி மங்குகிற நேரத்தில் அவன் வீடு திரும்பினான். மனைவி படியிறங்கி எதிரே வந்தாள்.

"தூங்குறா. நீங்க மேல போய்ப் பக்கத்துல இருங்க, நான் மருந்து வாங்கிட்டு ஓடி வந்துடறேன். தனியா விடாதீங்க. முழிச்சா அவளால கூப்பிடக்கூட முடியாது."

லிஃப்ட் மேலே எங்கோ நின்றுவிட்டிருந்தது. படியேறினான். மாடிப்படி விளக்கு இன்னும் போடவில்லை, சுவரில் ஈரச் சுண்ணாம்பும் யாரோ வதக்கும் வெங்காயமும் மணத்தன, கைப்பிடிக் கம்பி பிசுபிசுத்தது. முதல் தளத்தைத் தாண்டும்போது கேட்டது.

அலறல். மகள்.

கதவைப் படபடவென்று தட்டினான். பேங்க் சார் திறந்தார். கையில் போன், முகத்தில் அதன் நீல வெளிச்சம்.

"வாங்க தம்பி. இதோட எட்டாவது தடவை பார்க்கிறேன். அந்தக் கத்தல் இருக்கே, அடடா."

மேல்தளத்தில் மறுபடி அலறல். ஓடினான். அடுத்த கதவு. அங்கே ஒரு குடும்பமே சோபாவில் தலைகளை ஒட்டவைத்துக்கொண்டு ஒரு போனுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே ஒன்று. எதிரே ஒன்று. கீழே ஒன்று. ஒரு கதவிலும் அவள் இல்லை, எல்லாக் கதவிலும் அவள் குரல். கண்ட கதவையெல்லாம் அடித்துக்கொண்டு, "பாப்பா, பாப்பா" என்று கத்திக்கொண்டு ஏறினான். என்னமோ நடக்கிறதென்று ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, போனும் கையுமாகப் பின்னாலேயே ஏறினார்கள்.

அவன் வீடு. கதவைத் தள்ளினான். சத்தமில்லை. கூடம். இருட்டு. படுக்கையறை. கட்டில் காலி.

மூலையில் இருந்தாள்.

சுவரோடு முதுகை அழுத்திக் குந்தியிருந்தாள். கண் மேலே. ஒரு கை மேலே, ஆடிக்கொண்டே இருந்தது. வேண்டாம். வேண்டாம். அவள் பார்த்த இடத்தை அவனும் பார்த்தான். வெறும் கூரை. ஒன்றுமே இல்லை.

தரையில் இருந்தது. ஒரு நிழல். தட்டு அளவு. நாலு பக்கமும் நாலு வட்டம், வட்டங்கள் சுற்றின. துளி ஓசை இல்லை. ஓசையை எடுத்துக் கொடுத்தவன் அவன்தானே.

ஓரடி வைத்தான். நிழல் அவளை நோக்கி ஓரடி நகர்ந்தது. நின்றான். நின்றது.

பின்னால் மூச்சுக்காற்று. வாசலை அடைத்துக்கொண்டு எல்லாரும். நீல வெளிச்சங்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை.

"உதவி பண்ணுங்க," என்றான். "யாராவது தூக்குங்க அவளை."

தோளில் ஒரு கை விழுந்தது. பேங்க் சார். மெதுவாக, மரியாதையாக, அவனைப் பக்கவாட்டில் தள்ளினார்.

"கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க தம்பி. மறைக்குது."

நிழல் அவள் பாதத்தைத் தொட்டது. மகள் வாயைப் பிளந்தாள். வாசலில் இருந்த அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் அலறின.