பொன்னி அண்ணி இருக்கையில் ஏ.ஐ. எதற்கு?

"எங்க அண்ணியே ஒரு கம்ப்யூட்டர்! இவங்க இருக்கும்போது ஏ.ஐ. எதுக்குண்ணே?"

சரவணகுமார் சொல்லிவிட்டுச் சிரித்தான். இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் கலியபெருமாளும் பெருமையோடு தலையாட்டினார். அடுப்படியில் நின்ற பொன்னிக்கோ கண்ணில் நீர் முட்டியது. பாராட்டுக்கு அந்த வீட்டில் என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை.

மரக்காணத்து உப்பை மூட்டை கட்டி வெளியூருக்கு அனுப்புவது அண்ணன் தம்பியின் தொழில். ஆர்டர் எல்லாம் பொன்னியின் போனுக்குத்தான் வரும். தோல் மண்டிக்கு எந்த உப்பு, கருவாட்டுக்காரருக்கு எந்த உப்பு, எந்த லாரி எங்கே நிற்கிறது, நாளைக்கு உப்பு வார எத்தனை ஆள் வேண்டும்... அத்தனையும் பதினெட்டு வருஷமாக அவள் தலைக்குள் இருந்தன. நேற்று புதுச்சேரியிலிருந்து பிரியங்கா என்ற பெண் வந்திருந்தாள். இதுபோன்ற சின்ன வியாபாரங்களுக்கு ஏ.ஐ. ஆலோசகர். ஆர்டரைக் கேட்டு எழுதிக்கொள்ளவும் வண்டி பிரித்து அனுப்பவும் ஏற்பாடு செய்து தருகிறேன், இன்று பத்து மணிக்குள் பதில் சொல்லுங்கள் என்று போயிருந்தாள்.

"அந்தப் பொண்ண வெச்சுக்கலாம்" என்றாள் பொன்னி.

கலியபெருமாளின் கை தட்டிலேயே நின்றது. "என்னா சொன்ன?"

"வெச்சுக்கலாம்னு சொன்னேன்."

"ஏன்... நம்ம தொழில் கசக்குதா? ராணி மாதிரி வெச்சிருக்கறேன், உன்னைக் கேக்காம ஒரு மூட்டை நகருதா? உன் எடத்துல மிஷினக் கொண்டாந்து வெக்கறதுக்கு நீயே ஒத்து ஊதறியே!"

"எனக்கு எம் பொண்ணுகிட்ட போவணும்."

"அது பிரசவத்துக்கு இங்க வர வேண்டிய பொண்ணு! வளைகாப்பு முடிஞ்சு அனுப்ப மாட்டேன்னு புடிச்சு வெச்சிக்கிட்டாங்களே, அந்த சம்பந்தி வீட்டுக்காரங்கள நான் சும்மா..."

"அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க!" பொன்னியின் குரல் உயர்ந்தது. அந்த வீட்டில் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை. "அவங்க அனுப்பறேன்னுதான் சொன்னாங்க. தமிழ்நிலாதான் வரமாட்டேன்னுட்டா! உங்க மனசு நோவக்கூடாதுன்னு நான்தான் பொய் சொன்னேன்..."

கலியபெருமாள் தட்டை ஓரமாகத் தள்ளினார்.

பொன்னி தேம்பித் தேம்பிச் சொன்னாள். வளைகாப்பன்று முதல் வளையலை மகள் கையில் போடப் போன நேரத்தில் போன் அடித்தது. திண்டிவனம் தாண்டி லாரி நின்றுவிட்டது. "ஒரு நிமிஷம்டி" என்று வெளியே போனவள் திரும்பி வந்தபோது, மகளின் இரண்டு கைகளும் நிறைந்திருந்தன. யார் யாரோ போட்ட வளையல்கள்!

"ஒம்போது வயசுல டெங்கு வந்து ஆஸ்பத்திரில கெடந்தப்பகூட, பக்கத்துலயே உக்காந்து போன்தான் பேசிக்கிட்டிருந்தேன். 'நான் அந்த வீட்டுக்கு வந்தா நீ உப்பு வியாபாரிதாம்மா, எனக்கு அம்மா இல்ல'ன்னு சொல்லிட்டா. அவ சொன்னதுல ஒரு வார்த்த தப்பா, சொல்லுங்க!"

பொன்னி போனைக் கணவரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு பாண்டிச்சேரி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டாள்.

பொம்மையார்பாளையத்துச் சம்பந்தி வீட்டில் கதவைத் திறந்த தமிழ்நிலாவின் முகத்தில் சிரிப்பில்லை. நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாம்மா. எத்தன மணி பஸ்ஸுக்குத் திரும்பப் போற?"

"போவல."

"போன் அடிச்சா போயிடுவ..."

"போன் உங்கப்பாகிட்ட இருக்குதுடி."

மகள் நம்பாமல் அம்மாவின் இரண்டு கைகளையும் பார்த்தாள். பையைப் பார்த்தாள்.

"இப்பதான் உனக்கு வழி தெரிஞ்சுதா!" என்று கத்தியவள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "நீ போடற வளையலுக்குத்தாம்மா நான் கைய நீட்டிக்கிட்டே உக்காந்திருந்தேன்..."

"தப்புதான் கண்ணு... தப்புதான்..." பெற்றவளும் அழுதாள். எத்தனை வருஷத்து அழுகையோ, இருவருக்குமே நிறுத்தத் தெரியவில்லை.

சாயங்காலம் வாசலில் குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. கலியபெருமாள் இறங்கினார். சட்டையெல்லாம் வேர்வை. ஒரே நாளில் பத்து வயது கூடியிருந்தது.

"தூள் உப்ப தோல் மண்டிக்கும், கல்லுப்ப மளிகைக் கடைக்கும் மாத்தி அனுப்பிட்டேன்" என்றார் அசடு வழிய. "மதியத்துக்குள்ள நாப்பது போனு, பொன்னி! மனுசன் தாங்குவானா? நீ எப்படி..." மகள் பக்கம் திரும்பினார். "உங்கம்மாவ உன்கிட்டேருந்து புடுங்கிக்கிட்டது நான்தாம்மா. அவமேல கோவப்படாத."

"அந்தப் பொண்ணு?" என்றாள் பொன்னி.

"வரச் சொல்லியாச்சு. மிஷின் தானா எல்லாம் செஞ்சிடாதாம். உனக்குத் தெரிஞ்சத முதல்ல எழுதி எடுக்கணும், அப்புறமும் ஒரு ஆள் பாத்துக்கிட்டே இருக்கணும்னு சொல்லுது. நானும் தம்பியும் மாத்தி மாத்தி உக்கார்றோம்னு ஒத்துக்கிட்டோம். வண்டி கொண்டாந்திருக்கறேன். ரெண்டு பேரும் கெளம்புங்க... பிரசவம் நம்ம வீட்லேருந்துதான்."

தமிழ்நிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா வரலாம்னு சொன்னா வர்றேன்."

கலியபெருமாள் மனைவியைப் பார்த்தார். பொன்னி நிதானமாகச் சொன்னாள்.

"ரெண்டு நாள் கழிச்சு வர்றோம். அந்தப் பொண்ணு இங்க வரட்டும், கேக்கறதையெல்லாம் சொல்லித் தர்றேன். அதுவரைக்கும் நீங்க சமாளிங்க. முடியுமில்ல?"

"முடிஞ்சுதான ஆவணும்" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. காபியைக் குடித்துவிட்டு, தனியாகவே வண்டி ஏறினார்.

பொன்னி மகளுக்குக் கால் பிடித்துவிட உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அப்படியே பக்கத்தில் சாய்ந்து தூங்கிப் போனாள். விளக்கு வைக்கிற நேரத்தில் உள்ளே வந்த தமிழ்நிலாவின் மாமியார், "ஐயோ, இந்நேரத்துல படுக்கக் கூடாது, சம்பந்திய எழுப்பும்மா" என்றார்.

தமிழ்நிலா அம்மாவின் தலையைத் தன் மடிப்பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"எழுப்பாதீங்க அத்த... எங்கம்மா தூங்கி நான் பாத்ததே இல்ல."