பாடை திருப்பும் கல்

மாடு கொட்டகைக்குள் போக மறுத்தது.

காளியண்ணன் கயிற்றைப் பிடித்து இழுத்தார், கழுத்தைத் தட்டிக்கொடுத்தார், கடைசியில் பின்னாலிருந்து தள்ளியும் பார்த்தார். தினமும் பொழுது சாயும்போது தானாகப் போய் நிற்கிற மாடு, இன்றைக்கு வாசலில் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, உள்ளே மூலையைப் பார்த்து உஸ் உஸ்ஸென்று மூச்சுவிட்டது. மூலையில் ஒன்றுமில்லை. அங்கே கிடந்த கயிற்றுக் கட்டிலை, அப்பா மாரப்பனைப் புதைத்த அன்றே ஆற்றங்கரையில் போட்டு எரித்தாயிற்று. கட்டில் கால்கள் பதிந்த குழிகள் மட்டும் மண்தரையில் தூராமல் கிடந்தன. அவற்றில் ஈரம் கோத்திருந்தது.

"அதைய வேப்பமரத்துலயே கட்டிப்போடுங்க. அவிய வர்ற நேரமாச்சு," என்று அடுப்படியிலிருந்து மனைவி கலைச்செல்வி சத்தம் போட்டாள்.

மகள் வித்யாஸ்ரீயின் கல்யாணத்தை உறுதிசெய்ய, மாப்பிள்ளையின் அப்பா செல்லமுத்து துறையூரிலிருந்து வருகிறார். பெரிய இடம். கைநழுவிப் போனால் இன்னொன்று இப்படி வாய்க்காது. அந்த நினைப்பிலேயே காளியண்ணனுக்கு இரண்டு மாதமாகத் தூக்கமில்லை. தூக்கமில்லாததற்கு அது மட்டும்தான் காரணம் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலை ஒட்டித்தான் ரோடு. கொல்லிமலையை முதுகில் வைத்துக்கொண்டு, ஆற்றோடு சேர்ந்து பள்ளத்தாக்கில் போகும். நெடுஞ்சாலையாக அகலப்படுத்துவதற்கு முன்னால், வீட்டைத் தாண்டி ஒரு கல்லைச் சுற்றி வளைந்துதான் இடுகாட்டுப் பக்கம் இறங்கியது. ஊரில் யார் செத்தாலும் அந்தக் கல்லருகே பாடையை இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றித் தூக்குவார்கள். அதுவரை வீட்டைப் பார்த்திருந்த கால்கள் அப்புறம் ஆற்றைப் பார்க்கும். செத்தவருக்குத் திரும்பிவர வழி தெரியாமல் போகும்.

வளைவை நிமிர்த்தினால் தன் வீட்டு முகப்புக்கு மவுசு வரும் என்று, அளக்க வந்தவர்களிடம் "அது சும்மா கல்லுங்க" என்று சொன்னவர் காளியண்ணன்தான். பொக்லைன் ஒரே தள்ளில் அதை ஆற்றுக்குள் உருட்டிவிட்டது.

அதற்கப்புறம் ஊரில் விழுந்த முதல் சாவு அவருடைய அப்பாவுடையது. பாடைக்குப் பதில் வேன் பிடித்திருந்தார்கள். கல் இருந்த இடம் வந்ததும் பங்காளி வேல்முருகன், "நிறுத்தச் சொல்லு காளியண்ணா. ரோட்டுலயே எறக்கித் திருப்பிப் போடலாம்," என்றார். பின்னால் செல்லமுத்துவின் கார் வந்துகொண்டிருந்தது. அதற்கும் பின்னால் லாரிகள் ஆரன் அடித்தன. நடுரோட்டில் அப்பனை இறக்கிவைத்தால் நம்மைப் பட்டிக்காட்டான் என்பாரே என்று காளியண்ணனுக்குக் கூசியது.

"வேண்டாங்க. நேராப் போங்க," என்று டிரைவரிடம் சொன்னார்.

அந்த நேர் ரோட்டில் இப்போது மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. தார் வாசனையும் பாக்குத்தோப்பின் ஈரவாசனையும் கலந்து அடித்த காற்றில், அவற்றுக்கு அடியில், தைலத்தோடு சேர்ந்த புண் நாற்றம் ஒன்று மெல்ல எழுந்து மூக்கில் ஒட்டியது. செல்லமுத்துவின் கார் வெளிச்சம் தூரத்தில் தெரிந்தது. வெளிச்சத்துக்கு முன்னால் ஏதோ வந்தது.

ஆள் தோள் உயரத்தில் வந்தது. படுத்தவாக்கில். தூக்கிவருகிறவர் யாருமில்லை.

இரண்டு உள்ளங்கால்கள். வீட்டைப் பார்த்தபடி. கட்டைவிரல்கள் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

வாசலுக்கு நேராக வந்தன. வீட்டுக்குள் வரவில்லை. கொட்டகைப் பக்கம் ஒதுங்கின.

கார் வந்து நின்றது. "ஏனுங்க, இப்படி வேர்த்து நிக்கறீங்க?" என்றபடி செல்லமுத்து இறங்கினார்.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். வித்யாஸ்ரீ காப்பித் தட்டோடு வந்தாள். செல்லமுத்து டம்ளரை எடுக்கும்போது சுவருக்கு அந்தப்பக்கம், கொட்டகையில், யாரோ இருமினார்கள். இரண்டு இருமல். மூன்றாவது பாதியில் அமுங்கியது.

"அப்பா," என்றாள் வித்யாஸ்ரீ, உதடு மட்டும் அசைய. "அப்பாரு." தாத்தாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அந்த மூன்றாவது இருமல் எப்படி அமுங்குகிறது என்று காளியண்ணனுக்குத் தெரியும். செல்லமுத்து வீட்டார் முதன்முதல் பெண் பார்க்க வந்தபோது, படுக்கைப்புண் நாறுகிறது என்று அப்பாவைக் கட்டிலோடு கொட்டகைக்கு மாற்றினார். "அப்பா தங்கச்சி ஊட்டுல இருக்காருங்க" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். நடுவில் ஒரு சுவர்தான். எல்லாம் கேட்டிருக்கிறது. அவர்கள் போனபின் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தால், இருமல் வெளியே கேட்காமலிருக்க, கிழவர் தன் துண்டைத் தானே வாயில் திணித்துக்கொண்டு கண்ணில் நீர் வழியக் கிடந்தார். நான் சத்தம் போடவில்லையப்பா என்பதுபோல மகனைப் பார்த்துத் தலையாட்டினார். காளியண்ணன் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் திரும்பிவிட்டார். அந்த முகத்தை ஏறிட்டுப் பார்க்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று அப்போதே தெரிந்தது. வெட்கத்தில் உடம்பு எரிந்தது. அப்படியும் அடுத்த நாள் அவரை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை.

மறுபடியும் இருமல்.

"யாருங்க அது?" என்றார் செல்லமுத்து.

"மாடுங்க. சளி புடிச்சிருக்குது."

"மாடு வேப்பமரத்துலதான கட்டியிருக்குது?"

"அது... இன்னொண்ணுங்க."

"வாங்க, பாக்கலாம். எங்கூட்டுலயும் மாடுகன்னு இருக்குதுங்க, எனக்குப் பக்குவம் தெரியும்." செல்லமுத்து எழுந்துவிட்டார்.

காளியண்ணன் பாய்ந்து முன்னால் போனார். செல்போன் வெளிச்சத்தைக் கொட்டகைக்குள் நீட்டி, தன் உடம்பால் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

கட்டில் இருந்தது. கரிந்த கட்டில். நாலு காலும் நாலு குழியில்.

மேலே அப்பா. நெற்றியில் ஒட்டிய காசு. உடம்பெல்லாம் ஆற்று மணல். தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியைத் தானே அவிழ்த்து மார்மேல் போட்டிருந்தார். திறந்த வாய்க்குள் பாதித் துண்டு. நெஞ்சு எக்கி எக்கி அடங்கியது. கண் திறந்திருந்தது.

மகனைப் பார்த்தது.

கூப்பிட்டால் போதும் என்று காளியண்ணனுக்குத் தோன்றியது. உள்ளே வாங்கப்பா. ஒரு சொல். நாக்கு நுனிவரை வந்தது.

முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் வந்து நின்றது. "ஆராச்சும் இருக்காங்களாங்க?"

"ஆருமில்லீங்க," என்றார் காளியண்ணன்.

கட்டிலில் கிடந்தவர் சரி என்பதுபோலத் தலையாட்டினார். பிறகு கையைத் தூக்கி, வெளியே தொங்கிக்கொண்டிருந்த மீதித் துண்டையும் வாய்க்குள் திணிக்கத் தொடங்கினார்.